வாடை தேடிகள்

“இந்த மனுஷன் அதைக் கண்டுபிடிக்கணும்னுதான் தேடுறாரா?” என்று எதிர் வீட்டு மார்லிஸ் ஒரு நாள் என்னிடம் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய கணவர் வெர்லின் அந்த நேரத்தில் தன் பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும்தான். அவை சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தன.

வாசகர்களே, உலகத்தில் வாடை தேடிகள் என்று ஓர் இனம் இருக்கிறது. அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இந்த இனம் பனி உருகியதும் வெளியே வரும். பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்ததும் கராஜுக்குள் போய் அடைந்துகொள்ளும். பெரும்பாலும் ஆண்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பழைய கார் இருக்கும். அவருடைய உடம்பைவிட அது நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கும். அதில் பெட்ரோல் வாடை வரும். அது எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார். இதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு. கல்யாணம், பிள்ளைகள், வேலை எல்லாம் இடையில் நடந்தவை.

வாடை தேடியை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். மற்றவர்கள் காருக்குள் ஏறி உட்காருவார்கள். இவர் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே விட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, மெதுவாக விட்டுவிட்டு, “நேத்தைக்கு இப்ப பரவால்ல” என்பார். நேற்றும் அதையேதான் சொன்னார். பிறகு இன்ஜின் மூடியைத் தூக்கி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளைக் காகிதத் துண்டை மடித்துச் செருகி வைப்பார். மறுநாள் காலை அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்ப்பார். பிறகு தன் விரல்களை மோந்து பார்ப்பார். விரல்களில் வாடை இருக்கும். அது துண்டிலிருந்து வந்ததா, விரலிலேயே இருந்ததா? அதில் ஒரு காலைப்பொழுது போய்விடும்.

வெர்லினின் கார் பச்சை நிறம். இரண்டே கதவு. அவருக்குப் பதினாறு வயதானபோது வந்த மாடல். வாடை வந்த முதல் கோடையில், அதற்குக் காரணம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் என்று முடிவு செய்து அதை மாற்றினார். இரண்டு நாள் வாடை இல்லை என்றார். மூன்றாம் நாள், பழைய கார் என்றால் லேசாக இருக்கத்தான் செய்யும் என்றார். அடுத்த கோடையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார், அதிலிருந்து போகும் குழாய்களை மாற்றினார், டேங்க் மூடியை மாற்றினார், கடைசியில் டேங்கையே கழற்றி இறக்கி, கழுவி, பெயின்ட் அடித்து, திரும்ப ஏற்றினார். வாடை மட்டும் மாறவில்லை.

இவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் இல்லையா என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊரில் கோடைக்காலப் புதன்கிழமை மாலைகளில் கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடையின் வாகன நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள். பழைய கார்கள் வரிசையாக வாயைப் பிளந்து நிற்கும். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் மடக்கு நாற்காலியில் ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு கோப்பை ஐஸ்கிரீம். வெர்லின் தன் காரில் வாடை வருகிறது என்று மெல்லச் சொன்னால் போதும், சுற்றிலும் இருக்கிற நாற்காலிகள் காலியாகிவிடும். எல்லாரும் குனிந்து மோந்து பார்ப்பார்கள். கார்புரேட்டர் என்பார் ஒருவர். அவர் காரில் போன வருஷம் போனது கார்புரேட்டர். பம்ப் என்பார் இன்னொருவர். அவர் பம்ப் மாற்றியவர். வெர்லினின் நெடுநாள் நண்பர் ராய்ஸ் மட்டும் எப்போதும் டேங்க் மூடியைத்தான் குறை சொல்வார். அவருடைய மூடி ஒருமுறை நெடுஞ்சாலையில் கழன்று பறந்துவிட்டது. ஒருவராவது வெர்லினின் காரைப் பார்த்தாரா? எல்லாரும் தங்கள் காரைத்தான் அதற்குள் பார்த்தார்கள்.

மார்லிஸ் பட்ட பாட்டைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். அவர் இரண்டு கோடைகளாகக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் அந்தக் காரில் போகிறார், மழை பெய்தாலும். வெர்லினின் சட்டைகளைத் தனியாகத் துவைக்கிறார். ஒருமுறை சர்ச் விருந்துக்குத் தட்டு நிறைய எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் செய்து டிக்கியில் வைத்துக் கொண்டுபோனார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். முதல் கடியிலேயே எல்லார் முகமும் ஒரு கணம் நின்றுபோனது. எங்கள் ஊரில் சமைத்தவர் மனம் நோகும்படி யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். “வித்தியாசமா இருக்கு, மார்லிஸ்” என்றார்கள். எங்கள் ஊரில் உணவைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கடுமையான வார்த்தை அதுதான். மீதித் துண்டுகளைக் காகித நாப்கினில் பத்திரமாகச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். மார்லிஸ் வீட்டுக்கு வந்து தானே ஒன்றைத் தின்று பார்த்தார். அன்று அவர் வெர்லினிடம் பேசவில்லை. வெர்லினுக்கு அது தெரியவும் இல்லை. அவர் காருக்கு அடியில் இருந்தார்.

இந்த நிலையில்தான் மூன்றாவது கோடையில் அவர்கள் மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம் வந்தது. பிரிட்டாவைப் பச்சைக் காரில் சர்ச்சுக்கு அழைத்துப்போவேன் என்று அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே வெர்லின் வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் அதைத்தான் கேட்டாள். ஆனால் ஒத்திகைக்கு என்று அந்தக் காரில் தையல் கடைக்குப் போனபோது, கடைக்காரம்மா அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தாராம். கல்யாண உடை தும்பைப்பூ வெள்ளை. பெட்ரோல் வாடை துணியில் ஏறினால் போகாது. சனிக்கிழமை கல்யாணத்துக்குள் வாடை போகவில்லை என்றால், மாப்பிள்ளையின் அக்காவுடைய வேனில் வருகிறேன் என்று பிரிட்டா சொல்லிவிட்டாள். வெர்லின் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நேராக கராஜுக்குப் போனார்.

அடுத்த இரண்டு நாள் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. குழந்தைப் பவுடரை இன்ஜின் முழுவதும் தூவி, ஈரம் எங்கே கோடு போடுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். வாடையை உறிஞ்சட்டும் என்று இருக்கைகளுக்கு அடியில் காப்பித்தூள் கிண்ணங்கள் வைத்தார். சமையல் சோடாவைக் கொட்டினார். காரில் இப்போது பெட்ரோல் வாடையோடு காப்பி வாடையும் வந்தது. ராய்ஸ் வந்து பார்த்துவிட்டு, மூடியை இன்னொரு தடவை மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் நான் வெர்லின் வீட்டு வாசலில் என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் காற்றடிக்கும் யந்திரம் அவரிடம்தான் உண்டு. வெர்லின் அப்போதுதான் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். இந்த இனம் டேங்கை எப்போதும் கழுத்து வரை நிரப்பித்தான் வைக்கும். காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் சேர்ந்து துருப்பிடிக்குமாம். பிரிட்டா போர்வை ஒன்றை எடுக்க டிக்கியைத் திறந்தாள். பக்கவாட்டில் இருந்த அட்டைத் தடுப்பு ஊறிப்போயிருந்தது. அதை விலக்கி உள்ளே கையை விட்டாள். பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். முழுக்க வெடிப்பு. விரலை வெளியே எடுத்து மோந்து பார்த்தாள்.

“அப்பா, இங்கதான் ஒழுகுது.”

வெர்லின் இன்ஜின் பக்கத்திலிருந்து நிமிரக்கூட இல்லை. “தெரியும்” என்றார்.

நான் காற்று அடிப்பதை நிறுத்தினேன். வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மார்லிஸும் நிறுத்திவிட்டார்.

“தெரியும்னா? எப்பலேர்ந்து?” என்றாள் பிரிட்டா.

“போன கோடைலேர்ந்து.”

“அப்புறம் எதுக்கு டேங்கைக் கழட்டினே?”

“டேங்கா இருக்கக் கூடாதான்னுதான்.”

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. டேங்கை இறக்கியபோது அந்தக் குழாயையும் கழற்றியிருக்கிறார். வெடிப்பைப் பார்த்திருக்கிறார். ஈரத்துணியால் துடைத்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறார். ஏனென்றால் அது கார் பிறந்தபோதே தொழிற்சாலையில் பூட்டிய குழாய். அதன் மேல் அந்த வருஷத்து முத்திரை இன்னும் அழியாமல் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் கண்காட்சியில் நடுவர்கள் டிக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். முத்திரை உள்ள குழாய் இருந்தால் மதிப்பெண். புதுக் குழாய் இருந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். வெர்லினின் கார் நாலு வருஷமாக அங்கே பரிசாகப் பச்சை ரிப்பன் வாங்குகிறது. அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு எதில் குற்றம் இருந்தாலும் அவருக்குச் சம்மதம்.

“அது ஒரிஜினல், பிரிட்டா” என்றார் கெஞ்சும் குரலில்.

“நானும் ஒரிஜினல்தான்ப்பா. சனிக்கிழமை ரெண்டுல ஒண்ணுதான் இந்த வண்டில சர்ச்சுக்கு வரும். எதுன்னு நீயே சொல்லு.”

பிரிட்டா கையைக் கழுவ உள்ளே போனாள். மார்லிஸ் பட்டாணி உரிப்பதைத் தொடர்ந்தார், கொஞ்சம் பலமாக.

வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வாராந்தர வழக்கப்படி ஊரே மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பியபோது வெர்லின் தனக்குப் பசிக்கவில்லை என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது கராஜ் திறந்திருந்தது, புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது. கழற்றி மாட்ட வேண்டியது இரண்டே பிடிப்பு வளையம். மூன்று கோடைகளாகத் தேடிய வாடையைத் தீர்க்க, ஒரு தட்டு மீன் பொரியும் நேரம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை மார்லிஸ் அந்தக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். சர்ச் வாசலில் இறங்கிய பிரிட்டா தன் உடையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, “உன் சவர சோப்பு வாசனைதான்ப்பா வருது” என்றாள். வெர்லினின் கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் ஆவி பட்டிருக்கும் என்று சொல்லிச் சமாளிக்கவும் வழி இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆகஸ்ட் கடைசியில் ரிப்பன் வேறு ஒருவருக்குப் போனது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அதற்கு முன்னால் வந்த ஒரு புதன்கிழமை.

ஐஸ்கிரீம் கடை வாகன நிறுத்தத்தில் வழக்கம்போல இன்ஜின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ராய்ஸ் வந்தார். வாடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். போய்விட்டது என்றார் வெர்லின். “ஓ” என்றார் ராய்ஸ். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டயரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நாற்பது வருஷ நண்பர்கள். அதற்குமேல் என்ன பேசுவது? கல்யாணம் நன்றாக நடந்தது என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று மற்றவர் சொன்னார். பிறகு ராய்ஸ், நாலு கார் தள்ளி ஆவி விட்டுக்கொண்டிருந்த ஒரு நீலக் காரை நோக்கி நடந்தார். அங்கே ஏற்கெனவே கூட்டம். வெர்லினின் கோப்பையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

மார்லிஸ் கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. அந்தக் குழாய்க்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான். ஆனால் குனிந்து மோந்து பார்க்க ஏதோ ஒன்று இருக்கும்வரைதான் இந்த ஆண்கள் ஒருவர் தோளோடு ஒருவர் நிற்பார்கள். எப்படி இருக்கிறாய் என்று நேராகக் கேட்க இவர்களில் ஒருவருக்கும் வராது. கார்புரேட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வரும்.

கொஞ்ச நேரம் கழித்து வெர்லின் எழுந்து நீலக் கார் பக்கம் போனார். பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல், “இப்பெல்லாம் இடது பக்கம் திருப்பும்போது ஒரு சின்னச் சத்தம் வருது” என்றார். ராய்ஸ் உடனே திரும்பினார். எந்த மாதிரிச் சத்தம், கிறீச் என்றா, டொக் என்றா? ஐந்தாறு பேர் பச்சைக் காரை நோக்கி வந்தார்கள். ஒருவர் அதற்குள் முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மார்லிஸைப் பார்த்தேன்.

“எனக்கு ஒரு சத்தமும் கேக்கல” என்றார் மெதுவாக. “ஆனா அவர்கிட்ட அதைப் போய்ச் சொல்லி வைக்காதே.”

கார் இல்லாத வாசகர்கள் இவ்வளவு நேரம் நிம்மதியாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் முதுகு வலிக்காகத் தலையணையை மாற்றினீர்கள், மெத்தையை மாற்றினீர்கள், நாற்காலியை மாற்றினீர்கள், டாக்டரையும் மாற்றினீர்கள். அலுவலகத்தில் ஏன் வேலை நகரவில்லை என்று நாலு கூட்டம் போட்டீர்கள். வீட்டில் ஏன் யாரும் சரியாகப் பேசுவதில்லை என்று எல்லாரையும் தனித்தனியாக விசாரித்தீர்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தீர்கள், ஒன்றைத் தவிர. அது எது என்று உங்களுக்குப் போன கோடையிலிருந்தே தெரியும்.

இதைப் படிக்கும்போது ஒருவருடைய முகம் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். தயவுசெய்து இதை அவரிடம் கொடுங்கள். அவர் படித்துச் சிரித்துவிட்டு, இது இன்னாரைப் பற்றியது என்று வேறு ஒருவரிடம் கொடுப்பார். கொடுக்கட்டும். யாராவது ஒருவர் இதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்வரை இது கை மாறிக்கொண்டே போகட்டும்.