தம்பி, ஹாக்கி மட்டையைத் தொடாதே

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தான் நலம். நானும் முழங்காலுக்கு மேலே நலம். அங்கே நீயும் உன் மனைவியும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நாற்பத்தைந்து வயதில் ஹாக்கி கிளப்பில் சேரலாமா, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். மூன்று மாத அனுபவத்தில் சொல்கிறேன்: சேராதே.

முதலில் மட்டை. இடுப்பெலும்பு உயரத்துக்கு இருந்தால் போதும். நானோ கடையில் இருந்ததிலேயே நீளமானதைத் தூக்கி வந்தேன். குனிந்தபோதெல்லாம் பிடி வயிற்றில் குத்தி, பந்தைத் தொடுவதற்குள் மூச்சு போய்விட்டது. அடுத்தது பல்காப்பு. வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, எடுத்துக் கடித்தால் பல்லுக்கு ஏற்றபடி படியும். போட்டதும் போன் வந்தது. "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். திரும்பி வந்தால் அது பூண்டுப் பல் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது! "பாத்துக்கத்தானே சொன்னே? எடுக்கச் சொல்லலையே?" என்கிறார். இந்த மனுஷனோட எப்படிடா குடித்தனம் பண்றது? புதிதாக ஒன்று வாங்கினேன்.

அப்புறம் கால்காப்பு. அதைக் கட்டினால் கால் குண்டாகத் தெரிகிறதே என்று பையிலேயே வைத்துவிட்டேன். ஆட்டம் தொடங்கிய நாலாவது நிமிடம், அத்தனை பெரிய மைதானத்தில் பந்துக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. நேராக என் முழங்காலுக்குக் கீழே வந்து மோதியது. எங்கள் கேப்டன் மருத்துவமனையில் நர்ஸ். குரலை வைத்து 'சைரன்' என்போம். அவள் ஓடிவந்து, "பை விளையாட வந்துச்சா, நீங்க வந்தீங்களா?" என்று கத்தினாள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தாள். "காலை உயர்த்தி வைங்க. சூடு காட்டாதீங்க. தேய்க்கவே தேய்க்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்தேனா, உன் அத்தானுக்கு எங்கிருந்துதான் அன்பு பொங்கியதோ, எண்ணெயைச் சூடு பண்ணி அரை மணி நேரம் தேய்த்துவிட்டார். காலையில் கால் பேன்ட்டுக்குள்ளேயே நுழையவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தப்பித்தது. மூன்று வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

மூன்றாவது வாரக் கடைசியில் லீக் ஆட்டம். கோல்கீப்பருக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தால் எங்களை லீக்கிலிருந்தே தூக்கிவிடுவார்களாம். சைரன் என் டாக்டரிடமே போனில் கேட்டுவிட்டு வந்தாள். "ஓட வேணாம், நின்னா போதும்னுட்டாரு."

இரண்டு பேர் சேர்ந்து கோல்கீப்பர் உடுப்பை எனக்குக் கட்டிவிட்டார்கள். மெத்தை மாதிரி நின்றேன். நாங்கள் ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. என் ஹெல்மெட் சரிந்து கண்ணை மறைத்தது. அதைத் தூக்கிவிடக் கையை உயர்த்தினேன், அவ்வளவுதான். எல்லாரும் ஓடிவந்து கட்டிப்பிடித்த பிறகுதான் பந்து என் கையில் பட்டு வெளியே போனதே தெரிந்தது. எதிரில், எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான் பேசியபோது குறட்டை விட்ட உன் அத்தான், நாற்காலி மேல் ஏறி, "அது என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க முடியாதுடா. அதையும் தெரிந்துகொள்.

ஆகவே, உனக்கு எதற்கு இந்த வம்பு? பேசாமல் செஸ் ஆடு. அதில் குதிரை பாய்ந்தாலும் யாருக்கும் வீங்காது.

எல்லா வளமும் பெற்று, எல்லாப் பல்லோடும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா

பி.கு.: வரும் ஞாயிறு காலை ஆண்கள் அணியோடு எங்களுக்கு ஆட்டம். அவர்களுக்குக் கோல்கீப்பர் இல்லையாம். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் பெனால்டி அடிப்பது நான்தான். தம்பி என்று பார்த்து மெதுவாக அடிக்க மாட்டேன்.