ரிவர்ஸ் அண்ணனின் பதினாலு வரிப் பாட்டு

உலகத்தில் பின்பக்கமாகவே போய் முன்னுக்கு வந்த ஆள் ஒருவர்தான். துவாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். பெயர் ரிவர்ஸ். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளச் சீட்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை.

சரக்கு உயரமாக இருந்தால் ஃபோர்க்லிஃப்டை ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். முன்னால் மறைக்கும். இது விதி. இவர் சரக்கே இல்லாவிட்டாலும் ரிவர்ஸில்தான் போவார். ஏன் என்று கேட்டேன்.

"முன்னால போனா வண்டி ஊமை லா. பின்னால போனாத்தான் தாளம் போடுது."

ரிவர்ஸ் போட்டதும் வண்டி பீப் பீப் என்று கத்தும். அதுதான் தாளம். அதற்குப் பாட்டுக் கட்டுவார். கழிவறைக்கு நடந்து போகும்போதுகூட ஒரு தடவை பின்பக்கமாகப் போனார் என்று கூட வேலை பார்க்கும் ஹாரூன் பாய் சொல்வார். நான் பார்க்கவில்லை. நம்புகிறேன்.

எங்கள் கிடங்கில் பதினாலு வாசல். வாசலுக்கு ஒரு லாரி, ஓர் ஆள். ஒன்றாம் வாசல் ஹாரூன் பாய். மூன்றாம் வாசல் நான், மூர்த்தி. ஐந்தாம் வாசல் முத்தையா. தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வேலை பார்த்துவிட்டு வந்தவன், இங்கே துவாஸ் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தான். ரிவர்ஸ் அண்ணன் ஆளுக்கு ஒரு வரி கட்டி வைத்திருந்தார். எந்த வாசலுக்குச் சரக்கு கொண்டுபோகிறாரோ அந்த வாசல்காரன் வரியைப் பாடுவார்.

"ஒண்ணாம் வாசல் ஹாரூன் பாயி ரெண்டு தடவ சாப்புடுவாரு, தள்ளிக்கோ!"

"மூணாம் வாசல் மூர்த்திப் பய வாயத் தொறந்தா மழ வரும், தள்ளிக்கோ!"

"அஞ்சாம் வாசல் முத்தையா ஆத்தாளுக்கு ஃபோனு போட்டா அரை நாளு போயிருமே, தள்ளிக்கோ!"

தள்ளிக்கொள்வோம். கிடங்கில் நாலு ஃபோர்க்லிஃப்ட். நாலும் நாளெல்லாம் பீப் பீப் என்று கத்தும். எவன் கேட்பான்? ஆனால் நம் பெயரைச் சொன்னால் காது தானாகத் திரும்பும். அதுவும் திட்டுகிற மாதிரிச் சொன்னால் உடம்பே திரும்பும். பதினொரு வருடம் அவர் வண்டி ஒருவன் மேலும் உரசவில்லை. பாதுகாப்பு அதிகாரிக்கு அதற்காகக் கேடயம் கொடுத்தார்கள்.

ரிவர்ஸ் அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை. இந்தப் பாட்டு வாசலைத் தாண்டி வெளியே போகவேண்டும்.

"நம்ம பேரெல்லாம் வெளிய எங்கயாச்சும் கேட்டிருக்கியா மூர்த்தி? அட்டென்டன்ஸ் எடுக்கறப்ப மட்டும்தான் கூப்புடுறானுங்க. தேக்கா மார்க்கெட் பக்கம் போறப்ப ஏதாச்சும் ஒரு கடையில நம்ம பேரு பாட்டுல வரணும் லா. அது போதும்."

நான் ம் என்றேன். எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மசாலாத் தூள் கம்பெனி மண்வாசனைப் பாட்டுப் போட்டி வைத்தது. சொந்தமாக நாட்டுப்புறப் பாட்டு எழுதிப் பாட வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கம்பெனி பெயர் மூன்று தடவை வர வேண்டும். இடையில் கிராமம் வர வேண்டும்.

போட்டிக்கு முன்னால் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபம். ஏசி. கீழே கார்ப்பெட். மண்வாசனை அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரு தாள். அதில் வரப்பு, ஏற்றம், களத்துமேடு, கருவாட்டுக் குழம்பு என்று முப்பது வார்த்தை. பத்து வார்த்தையாவது போட்டால் நல்லது என்றார்கள். கம்பெனியின் மார்க்கெட்டிங் மேடம்தான் வகுப்பு எடுத்தது. நல்ல பெண். வேகமாகப் பேசும்.

ரிவர்ஸ் அண்ணன் பாடிக் காட்டினார். மேடம் கை தட்டியது. பிறகு தாளைப் பார்த்தது.

"சூப்பர் அங்கிள். ஆனா உங்க பாட்டுல கிராமம் மிஸ்ஸிங்."

"துவாஸ்ல கிராமம் இல்லம்மா."

"ஒரே ஒரு எருமை போடலாமா? ஃபீல் வரும்."

"போடலாம். எருமைக்கு எத்தனாம் நம்பர் வாசல்?"

மேடம் யோசித்தது. துணைக்குப் போயிருந்த முத்தையாவைப் பார்த்தது. "நீங்க ஊர்லருந்து வந்தவர்தானே? நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுல எருமை இருக்குல்ல?"

"இருந்துச்சுக்கா. வித்துட்டுத்தான் இங்க வந்தேன்."

மேடம் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

போட்டி அன்று மேடையில் தெர்மோகோல் பனைமரம் ரெண்டு. புகை வரும் மெஷின் ஒன்று. பாட வந்தவர்கள் பன்னிரண்டு பேர். வங்கி அதிகாரி ஒருவர் ஏர் உழுவது பற்றிப் பாடினார். கையில் வாட்ச் மின்னியது. டியூஷன் டீச்சர் ஒருத்தி நாற்று நடுவது பற்றிப் பாட வேண்டும். மேடைக்குப் பின்னால் முத்தையாவிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"அண்ணே, நாத்து என்ன கலர்?"

"பச்சைங்கக்கா."

"ஆ, தேங்க்ஸ் அண்ணே. நான் பிரவுன்னு எழுதியிருந்தேன்."

அந்த மண்டபத்தில் நாற்று நட்டிருந்த ஒரே ஆள் முத்தையாதான். அவன் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நின்றான்.

ரிவர்ஸ் அண்ணனுக்கு வேட்டி, தலைப்பாகை, தோளில் துண்டு, கையில் ஒரு மண்பானை கொடுத்தார்கள். எல்லாம் கட்டிக்கொண்டார். சேஃப்டி பூட்சை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். "இது இல்லன்னா எனக்குக் கை நடுங்கும்மா." வேட்டிக்குக் கீழே இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். பானைக்குள்ளே பீப்பர். பீப்பர் இல்லாமல் அவருக்குத் தாளம் பிடிபடாது என்பதால், பழைய வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி பேட்டரியோடு பொருத்தி நாங்கள்தான் பானைக்குள் வைத்தோம்.

பதினாலு வரியும் மூன்று நிமிடத்தில் அடங்காது. ஆளை வெட்டச் சொன்னார்கள். "யாரை வெட்ட? ஒருத்தன் லீவுல இருந்தாலே எனக்கு ஓடாது" என்றார். யாரையும் வெட்டவில்லை. பாடுகிற வேகத்தைக் கூட்டிவிட்டார். கம்பெனி பெயரை மூன்று இடத்தில் செருகினார்; கிராமத்துக்கு வேட்டியும் பானையும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பானை பீப் பீப் என்றது. கூட்டத்தில் முன்வரிசை முழுக்கக் கப்பல் பட்டறை, கிடங்கு, கட்டட வேலை ஆட்கள். சத்தம் கேட்டதும் எல்லாரும் டக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ரெண்டு பேர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்கள். அண்ணன் பாட ஆரம்பித்தார். மூன்றாவது "தள்ளிக்கோ"வுக்கு மண்டபமே கூடச் சேர்ந்தது. என் வரி வந்தது. ஹாரூன் பாய் என் தொடையில் அடித்தார். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பரிசு அவருக்குத்தான். நடுவர் மைக்கைப் பிடித்து, "இந்தப் பாட்டில் ஒரு மண்ணின் வலி தெரிகிறது" என்றார்.

"வலி இல்ல சார். வேலை" என்றார் அண்ணன்.

பரிசு என்ன தெரியுமா? ஒரு வருடத்துக்கு மசாலாத் தூள். அவர் தனி ஆள். மூன்று வேளையும் கடையில் தாப்பாவ் என்று பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறவர். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து எட்டுப் பக்கத் தாள் ஒன்று வந்தது, கையெழுத்துப் போடச் சொல்லி. ஹாரூன் பாய் சரக்குச் சீட்டுகளை வரி விடாமல் படிக்கிற ஆள். "அண்ணே, ஒரு நாள் குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்றார்.

"பாட்டு நான் எழுதினது பாய். இதுல படிக்க என்ன இருக்கு?"

போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்தபடி, ரிவர்ஸில் போய்க்கொண்டே.

ஒரு மாதம் கழித்து, பாட்டைக் கடைகளில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் பதினாலு பேரும் சட்டை மடிப்புக் கலையாமல் கிளம்பிப் போனோம். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றோம். கடைக்காரர், "என்ன வேணும்?" என்றார். "பாட்டு" என்றோம். அவர் பயந்துபோய் உள்ளே போய்விட்டார்.

பாட்டு வந்தது. யாரோ சின்ன வயதுப் பாடகர். மேளம், புல்லாங்குழல், நடுவில் ஒரு எருமை கத்தியது. மெட்டு அண்ணனுடையதுதான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

ஹாரூன் பாய் இருந்த இடத்தில் மல்லித்தூள் வந்தது. நான் இருந்த இடத்தில் மீன் மசாலா. முத்தையாவின் ஆத்தா இருந்த இடத்தில் ரசப்பொடி. பதினாலு வாசலுக்கும் பதினாலு பாக்கெட். "தள்ளிக்கோ" இருந்த இடத்தில் எல்லாம் "அள்ளிக்கோ".

"நான் மல்லித்தூளா ஆயிட்டேன்" என்றார் ஹாரூன் பாய். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணன் அன்றைக்கு ரயில் நிலையத்துக்கு முன்பக்கமாகவே நடந்து வந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆனாலும் திங்கட்கிழமை வண்டியில் ஏறிப் பழையபடி பாடினார். வெளியே எப்படியோ போகட்டும், உள்ளே நம் பாட்டு நம்மிடம் இருக்கிறதே என்று நினைத்தோம். அந்த மசாலாக் கம்பெனியின் சரக்கும் எங்கள் கிடங்கில்தான் வந்து இறங்கும். சரக்குப் பார்க்க மார்க்கெட்டிங் மேடம் வந்தது. பாட்டைக் கேட்டு நின்றது. முகம் சுருங்கியது.

"அங்கிள், சாரி லா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த மெட்டு இப்ப கம்பெனியோடது. நீங்க பாடக் கூடாது."

"நான் என் வண்டியில பாடுறேம்மா."

"வெளி ஆள் வந்து போற இடம் இது. தாள்ல இருக்கு அங்கிள், ஆறாவது பக்கம். வேற யாராச்சும் பாத்துச் சொல்லிட்டா உங்களுக்குத்தான் பிரச்சினை."

அண்ணன் வண்டியை அணைத்தார். "கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார். அவ்வளவுதான். வாயை மூடியவர் மூடியவர்தான்.

நாங்கள் சொல்லிப் பார்த்தோம். மெதுவாகப் பாடுங்கள், மேடம் இல்லாத நேரம் பாடுங்கள் என்று. கேட்கவில்லை. வாக்கு என்றால் அவருக்கு வாக்கு. வேறு பாட்டுக் கட்டுங்கள் என்றேன். "பதினோரு வருசத்துப் பாட்டுடா. ஒரு வாரத்துல வருமா?" என்றார்.

கிடங்கு கெட்டது. பீப் பீப் என்று வருவார், யாரும் நகர மாட்டார்கள். முதல் நாள் ஹாரூன் பாயின் சாப்பாட்டு டப்பா சப்பை. இரண்டாவது சாப்பாட்டுக்கு வைத்திருந்தது. பாதுகாப்பு அதிகாரி வந்து சுவரில் மஞ்சள் போஸ்டர் ஒட்டினார். அதில் ஒரு மனிதனுக்கும் வண்டிக்கும் நடுவில் கோடு போட்டிருந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சரக்கு அடுக்கிய பேலட் ஒன்று சரிந்தது.

வியாழக்கிழமை முத்தையா குனிந்து கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் வண்டி வந்ததை அவன் கேட்கவில்லை. நான் கத்தினேன். சக்கரத்துக்கும் அவன் காலுக்கும் நடுவில் ஒரு சாண்.

அண்ணன் இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பூட்ஸ் போட்டிருந்தும் கை நடுங்கியது.

"திங்கக்கிழமை லைசென்ஸக் குடுத்துடறேன் மூர்த்தி. எனக்கு வாயில்லாம ஓட்டத் தெரியல."

அன்று சாயங்காலமே ஹாரூன் பாய் அந்த எட்டுப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அண்ணன் வருமுன் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ரெண்டு தடவை படிச்சேன். போட்டியாளர் பாடக் கூடாதுன்னுதான் இருக்கு. போட்டியாளர் யாரு? அவரு. நாம எவனாச்சும் கையெழுத்துப் போட்டோமா?"

"இல்ல பாய்."

"அப்ப அவனவன் வரிய அவனவன் பாடுங்கடா. கம்பெனி வந்து கேட்டா என்கிட்ட அனுப்புங்க. நான் மல்லித்தூளுன்னு சொல்லிக்கறேன்."

சட்டப்படி இது சரியா என்று எனக்குத் தெரியாது. பாய்க்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் வந்தார். வண்டியை எடுத்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றாம் வாசலுக்கு ரிவர்ஸில் போனார். ஹாரூன் பாய் தொண்டையைச் செருமினார். "ஒண்ணாம் வாசல் ஹாரூன் பாயி ரெண்டு தடவ சாப்புடுவாரு, தள்ளிக்கிட்டேன்!" என்றார். பாங்கு சொல்கிற குரல். கூரை அதிர்ந்தது.

அண்ணன் பிரேக் போட்டார். பாயைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திரும்ப ரிவர்ஸ் போட்டார். ஐந்தாம் வாசலுக்குப் போனார். முத்தையா சினிமாப் பாட்டு மாதிரி இழுத்துப் பாடினான், கையை வேறு ஆட்டினான். ஆள் எங்கே நிற்கிறான் என்று இப்போது வண்டிக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாசலாகப் போனார். திங்கட்கிழமை லைசென்ஸைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு வருடம் ஓட்டிவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றார். மேடம் அப்புறமும் பலமுறை வந்தது. பதினாலு பேரும் பாடுவதைக் கேட்டது. ஃபோனில் ஏதோ அவசரம் மாதிரி வெளியே போய்விடும். நல்ல பெண் என்று முன்னமே சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் வாசலுக்குக் கடைசியாக வந்தார். நான் பிறந்ததிலிருந்து பாடினதில்லை. பள்ளியில் கொடி ஏற்றும்போதுகூட வாயை மட்டும் அசைப்பேன். வண்டி பீப் பீப் என்று நெருங்கியது. பாடிவிட்டேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அண்ணன் வண்டியை நிறுத்தினார். ஒரு வாரமாகப் பாட்டுக்குத் திறக்காத வாயைத் திறந்தார்.

"சுருதி சேரல. மறுபடி."

பாடினேன்.

"'மழ வரும்'ல இறக்கு. மறுபடி."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "டேய், இருடா! ஆளு பாடிக்கிட்டிருக்கான்ல!" என்று அவனைப் பார்த்துக் கத்தினார். நாலு தடவை பாடினேன். லாரி பதினைந்து நிமிடம் நின்றது.

எனக்காக அதற்கு முன்னால் யாரும் ஒரு லாரியை நிறுத்தி வைத்ததில்லை.