வலிக்குப் பத்துக் கொட்டை

“பத்துக்கு எத்தன வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா.”

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து மறுநாள் படுத்திருந்த குஞ்சம்மாள் யோசித்துப் பார்த்தாள். “நீயே பாத்துப் போட்டுக்க தாயி,” என்றாள், காய்காரியிடம் கொசுறு கேட்பது போல.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நர்ஸ் ஜெயலட்சுமிக்கு இதுதான் பாடு. மேல்படிப்புக்கு அவள் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். கத்தி வைப்பதற்கு முன்பே நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கப்போகிறது, வயிற்றை எப்படிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும் என்றெல்லாம் பேசிப் புரியவைத்தால் பிற்பாடு வலி குறைகிறதா? குறைகிறது என்று காட்ட, வலியை அளக்க வேண்டும். ‘பத்துக்கு எத்தனை’ என்ற அளவுகோல் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. பெரம்பலூர் வலிக்குத்தான் அது பிடிபடவில்லை.

ஆகவே புளியங்கொட்டைக்கு வந்தாள். கட்டிலுக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்துக் கொட்டை. எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு கொட்டையை எடுத்துத் தினமும் காலையில் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இது எல்லோருக்கும் புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்தது. பூலாம்பாடி ஆண்டாயி தன் பத்தையும் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டில் குஞ்சம்மாளிடம் இரண்டு கடன் கேட்டாள். ஜெயலட்சுமியின் தட்டு நிரம்பியது, ஆராய்ச்சி மூழ்கியது.

அந்த நேரம் பார்த்து சர்ஜன் பஞ்சநாதன் ரவுண்ட்ஸ் வந்தார். முதலில் அவருடைய செருமல் வரும், அப்புறம் கோட்டு, கடைசியில் அவர். ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. தட்டைப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கப் பயன்பெறட்டும் என்ற குரலில் சொன்னார்:

“பேசியே வலியக் கொறைக்கப் போறியா? இந்தக் கொட்ட கொறையலன்னா உன் படிப்பு அம்புட்டுதாம்மா.”

ஜெயலட்சுமி திரைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் திரையில் துணியைவிடக் கிழிசல் அதிகம்.

மறுநாள் காலை கட்டிலுக்கு ஒரே ஒரு கொட்டைதான் கிடைத்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பேச்சுக்கு இத்தனை சக்தியா என்று அவளுக்கே புல்லரித்தது. பஞ்சநாதனுக்கு அதைவிட வேகமாகப் புல்லரித்தது. ‘நம்ம முறை’ என்று பேச ஆரம்பித்தார். அரியலூரில் நடக்கவிருந்த டாக்டர்கள் கூட்டத்தில் தாமே அதை விளக்குவதாகவும் ஒத்துக்கொண்டார். வலியே இல்லாத வார்டில் வலிக்கு ஊசி எதற்கு என்று அதையும் நிறுத்தச் சொன்னார்.

ஊசி நின்ற மறுநாள் குஞ்சம்மாள் நீட்டிய ஒற்றைக் கொட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உதட்டில் பல் பதிந்த தடம். மற்றொரு கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

“நெசமாச் சொல்லுங்கம்மா. எத்தன?”

“ஒண்ணுதான் தாயி. எழுதிக்க.”

ஜெயலட்சுமி கொட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கொட்டையை நம்பினால் பட்டம். முகத்தை நம்பினால் பழையபடி வெறும் நர்ஸ். பேனாவை மூடினாள்.

“எழுதல. படிப்பு போனாப் போவுது. டாக்டர்கிட்ட சண்ட போட்டாவது ஊசிக்கு எழுதி வாங்கிட்டு வரேன்.”

“அப்படின்னா இதையும் கொண்டுபோயி அவருகிட்டக் காட்டு,” என்று ஆண்டாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் தலையணையைத் தூக்கினாள். அடியில் புளியங்கொட்டை குவிந்து கிடந்தது. “வார்டு மொத்தத்து வலியும் இங்கதான் கெடக்கு. நீ பாஸானதும் குடுத்துக்கலாம்னு பேசி வச்சிருந்தோம்.”