மீன் தலைக்குப் போன பட்டாளம்

உங்களுக்கு வேறு சோலியே இல்லையா? உடம்பு எப்படி இருக்கிறது, முழங்கால் வலி தேவலையா என்று கேட்டால் ஒரு நியாயம் உண்டு. நான் பட்டிமன்ற மேடை ஏறி மானம் போன கதையைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பேத்தி கேட்டபோது திட்டி அனுப்பினேன். கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள் இன்னும் நாலு பேரை. சரி, சொல்லித் தொலைக்கிறேன். சிரிப்பு வந்தால் சத்தம் இல்லாமல் சிரியுங்கள்.

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ. நம் பட்டாளம் இலங்கைக்குப் போயிருந்த நேரம். எங்கள் ஊர் ஆத்தூர் டேமுக்குக் கொஞ்சம் கிழக்கே. டீக்கடை, ரேஷன் கடை, மல்லிகைத் தோட்டம், எங்கே போனாலும் அதே பேச்சுதான். அங்கே அடிபடுவது நம் சனம், காப்பாற்றத்தான் போனார்கள் என்று ஒரு கட்சி. காப்பாற்றப் போனவர்கள் எதற்கு அந்தச் சனத்தின் பக்கமே துப்பாக்கியைத் திருப்பினார்கள் என்று இன்னொரு கட்சி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இலங்கை எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. (ராமேசுவரத்துக்கு அங்கிட்டு என்றார் என் வீட்டுக்காரர். அவர் ராமேசுவரமே போனதில்லை.) ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அடுத்தவன் வீட்டுச் சண்டைக்குள் ஒருத்தன் எதற்காகப் போகிறான்?

குடைந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் நானே அப்படி ஒரு சண்டைக்குள் போய்விட்டு வந்திருந்தேன்.

என் நாத்தனார் செல்லமணியைச் சித்தையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். சீரோடு ஓர் ஆட்டுக்கல்லும் கொடுத்தோம். நல்ல கறுப்புக் கல். அவள் புருஷன் ராசு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கல்லைத் தன் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். செல்லமணி ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "கல்லு வந்தாத்தான் நான் போவேன்" என்றாள் அவள். "அவ வந்தாத்தான் கல்லு வரும்" என்று சொல்லி அனுப்பினார் அவர். இப்படியே இரண்டு மாதம்.

நான் ஒரு நாள் செல்லமணியை இழுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போனேன். பேச்சு எங்கே நடந்தது? ராசு அண்ணனின் அண்ணன் வீட்டு வாசலில், கல்லுக்குப் பக்கத்தில். (நாத்தனார் புருஷன் எனக்கு அண்ணன் முறை. எவ்வளவு கோபம் வந்தாலும் அண்ணே போட்டுத்தான் திட்ட வேண்டும்.) பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. கல்லை நானே ராசு அண்ணன் வீட்டுக்கு உருட்டிவிடலாம் என்று கை வைத்தேன். அது நேராக என் கால் கட்டைவிரல் மேல் ஏறியது. நான் குத்தவைத்து அழுகிறேன், செல்லமணி சொல்கிறாள்: "எங்க வீட்டுக் கல்லு எங்க கெடந்தா ஒங்களுக்கென்ன மதினி?" ராசு அண்ணன் சொல்கிறார்: "தங்கச்சி, இது புருசன் பொண்டாட்டி விசயம்." இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு நிமிஷம்தான். அப்புறம் கல் அங்கேயே இருந்தது, அவள் என்னோடு திரும்பி வந்தாள், என் விரல் நகம் எங்கே போனதென்று தெரியாது.

இந்த நிலைமையில் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கல் வந்தது. திருவிழாவுக்கு மாப்பிள்ளையை அழைக்காமல் இருக்க முடியாது, அழைத்தால் வராமலும் இருக்க முடியாது. ராசு அண்ணன் வந்தார். மூன்று நாளும் கறிச்சோறு தின்றார், பொண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றிவிட வேண்டும் என்று என் மாமியார் நேர்ந்துகொண்டிருந்தார். திருவிழா முடிந்தும் மகள் இங்கேயே தங்கினால், அப்புறம் ஊர் முடிவு கட்டிவிடும், வாழாவெட்டி என்று.

"நீ மட்டும் வாயத் தொறக்காம இரு. மத்தத மாரியாத்தா பாத்துக்கிருவா" என்றார் என்னிடம்.

நான் இருந்திருப்பேன். அந்தத் திண்டுக்கல் டீச்சரம்மா பஸ்ஸை விட்டிருக்காவிட்டால்.

அன்று நாலு மணிக்குக் கோயில் பந்தலில் பட்டிமன்றம். தலைப்பு, 'இலங்கைக்கு நம் பட்டாளம் போனது சரியா, தவறா?' சரி என்று பேச வேண்டிய டீச்சரம்மா வரவில்லை. நடுவர், எங்கள் ஊர் ரிட்டையர் ஆன வாத்தியார், கூட்டத்தைப் பார்த்தார். கண் என் மேல் நின்றது.

"ஏத்தா, ஊருக்குள்ள ஒனக்குத்தான் வாய் பெருசு. ஏறு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே சார்."

"இங்க பேசுற யாருக்கும் தெரியாது. ஒரு உதாரணத்தச் சொல்லிப் பேசு. யாரு பேரையும் சொல்லிப்புடாத."

ஏறிவிட்டேன். மைக்கைப் பார்த்ததும் மாமியார் சொன்னது மறந்துவிட்டது. (என் சத்தம் எனக்கே நாலு தெரு தள்ளிக் கேட்டது. யாருக்கு ஆசை வராது?)

"பெரியோர்களே, பக்கத்து ஊர்ல ஒரு புருசன் பொண்டாட்டி. பேரு சொல்ல மாட்டேன். ஒரு ஆட்டுக்கல்லுக்குச் சண்டை" என்று ஆரம்பித்தேன்.

ஆண்கள் பக்கம் ராசு அண்ணன் தலை நிமிர்ந்தது. வாத்தியார் மேசை மணியை அடித்தார். நன்றாகப் பேசுகிறேன் என்று பாராட்டுகிறார் போல என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினேன்.

"பாசத்துல ஒருத்தி சமாதானம் பண்ணப் போறா. பட்டாளம் போன மாதிரி. கல்லு அந்தச் சனம் இருக்குற மண்ணு மாதிரி. ரெண்டு பக்கமும் அவளயே ஏசுது. அவ பட்ட செலவு என்னான்னு பாருங்க" என்று சொல்லி, சேலையைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலை மேடை விளிம்பில் வைத்துக் காட்டினேன்.

வாத்தியார் இரண்டு தடவை மணி அடித்தார். கூட்டம் முழுக்கச் செல்லமணியைத் திரும்பிப் பார்த்தது. என் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதோடு இறங்கியிருக்கலாம். "பாசத்துலதான் போனாக. வேற ஒரு காரணமும் கெடையாது" என்று முடித்துவிட்டுக் கும்பிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்தில் சுப்பம்மா அக்கா எழுந்தார்.

சுப்பம்மா அக்காவின் மகன் கணேசன் பட்டாளத்தில் இருந்தான். அப்போது இலங்கையில். கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் அக்கா கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வருவார். பட்டிமன்றத்துக்கு அவர் வந்திருப்பதையே நான் கவனிக்கவில்லை.

அக்கா கோபமாகக் கேட்கவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டாயா என்பது போலக் கேட்டார்.

"எம் மகன் எதுக்குப் போனான்னு யாருகிட்ட கேட்டாலும் ஒவ்வொருத்தரு ஒவ்வொண்ணு சொல்றாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ போயிட்டு வந்தவ. நீ எதுக்குத்தா போன? நெசத்தச் சொல்லு."

நான் பாசம் என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. மைக் வேறு முன்னால் இருந்தது.

"மீன் தலைக்குத்தான்க்கா போனேன்" என்றேன்.

விளக்கவும் செய்தேன், அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை டேம் மீன் வாங்கிக் குழம்பு வைப்போம். வைத்தவளுக்குத்தான் தலை என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் கல்யாணத்திலிருந்து தலை எனக்குத்தான். செல்லமணி வந்த நாளிலிருந்து என் மாமியார் தலையை மகள் தட்டில் வைத்தார். குழம்பு வைப்பது நான், அம்மியில் மசாலா அரைப்பது நான், எனக்கு வால். எட்டு ஞாயிறு பொறுத்தேன். ஒன்பதாவது ஞாயிறு வருவதற்குள் அவளை அவள் வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் சமாதானம் பேசக் கிளம்பினேன். இதையெல்லாம் மைக்கில் சொன்னேன்.

பந்தல் சிரித்த சிரிப்பில் மேலே கட்டியிருந்த மாவிலை ஆடியது. எதிர்க்கட்சியில் பேச வந்த பையன் நாற்காலியிலிருந்து சரிந்தான். சுப்பம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, "இதாவது வெளங்குது" என்று உட்கார்ந்தார்.

செல்லமணி எழுந்தாள். அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று நான் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆண்கள் பக்கத்தைப் பார்த்து, மூன்று நாளில் முதல் தடவையாகப் புருஷனிடம் பேசினாள்.

"என்னங்க, கெளம்புங்க. ஒரு மீன் தலைக்கு என்னைய வெளிய தள்ளப் பாத்த வீட்டுல இனி பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

ராசு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "வா. எங்க அண்ணன் வீட்டுக் கல்லு நாளைக்குக் காலையில நம்ம வீட்டுல இருக்கும்" என்றார். போகிற போக்கில் மேடையைப் பார்த்து, "தங்கச்சி, நல்லா இரு" என்றார். அது வாழ்த்து இல்லை.

பையை அவரே தூக்கினார். ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் ஐந்தரை மணிக்கே போய் நின்றார்கள், ஒரே குடைக்குள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டியது பந்தல் வரைக்கும் கேட்டது. வாத்தியார் தீர்ப்பு சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு மீன் தலையை என் தட்டில் வைத்து, "இந்தாத்தா, ஒன் பட்டாளத்துச் சம்பளம்" என்றார். அவர் சாகிற வரைக்கும் அப்படித்தான் சொன்னார். இப்போது என் மருமகள் சொல்கிறாள். செல்லமணி வீட்டுக்கு நான் போனால் அவள் பேரன்கள், "பட்டாளம் வருது, கல்ல ஒளிச்சு வையி" என்று கத்துகிறார்கள்.

கணேசன் அப்புறம் ஒரு நாள் வந்து சேர்ந்தான். கூடப் போனவர்களில் இரண்டு பேர் வரவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். நான் விடுவேனா, எதற்கப்பா போனீர்கள் என்று கேட்டேன். "போகச் சொன்னாக, போனோம் சின்னம்மா. வரச் சொன்னாக, வந்துட்டோம்" என்றான். சொன்னவர்கள் எந்த மீன் தலையை நினைத்துக்கொண்டு சொன்னார்களோ, அவனுக்கும் தெரியவில்லை. எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை.

பட்டிமன்றத்துக்கு மறுநாள் காலை தெருக்குழாயில் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கேவலமாக இல்லையா என்றார்கள். நான் குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னேன்: "அவுக ரெண்டு பேரும் சேந்து கெளம்புனாகளா இல்லையா? அதுக்குத்தான் மேடை ஏறுனேன். எல்லாம் மொதல்லயே போட்ட திட்டம்."

வரிசையில் கடைசியில் நின்ற சுப்பம்மா அக்கா கேட்டார்: "அப்ப அந்த மீன் தலை?"

"அதுவாக்கா," என்றேன், "அது போன எடத்துல கெடச்சது."