டி டிரைவின் ஆவியைக் குடித்த ஆமை

அந்த ஆமை பச்சையா பழுப்பா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பார்த்தவர்களைக் கேட்டும் பயனில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பச்சை என்றே வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் இப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறேன். அதற்காக அப்படியே நம்பிவிட வேண்டாம். நம்பியதால் வந்த வினைதான் இந்தக் கதையே.

வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், பல் மருத்துவருக்கும் தையல் கடைக்கும் நடுவே, டிஸ்க் சாமி எழுந்தருளியிருந்தார். படிக்கட்டு முழுக்க வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினிப் பெட்டி. சிலர் அதற்குத் துண்டு போர்த்தியிருந்தார்கள், காற்று பட்டு நோய் முற்றிவிடக் கூடாதாம். பல் வலியோடு வந்த ஒருவர் வரிசை மாறி நின்று, சாமி முன்னால் போய் வாயைத் திறந்து, வலி தீர்ந்து திரும்பினார் என்றும் ஒரு பேச்சு உலவியது. பல் மருத்துவர் அதை மறுத்தார். மருத்துவர் பேச்சை யார் கேட்டார்கள்?

அந்த வரிசையில் ஒரு கட்டடக் கலைஞரும் அவளுடைய கணவரும் நின்றார்கள். அவர் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கவேண்டியதும் அவர்தான். ஏனென்றால் அதைக் கெடுத்தவர் அவர்.

நகர மன்றம் கட்டவிருந்த பொது நூலகத்துக்கு அவள் எட்டு மாதமாக வரைபடம் வரைந்திருந்தாள். நாளை மறுநாள் மாலைக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அவள் பெயரில் எழப்போகும் முதல் கட்டடம். “சி டிரைவ்ல இடமே இல்லங்க, செவப்புக் கோடு காட்டுது” என்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் அவள் வேலைத்தளத்துக்குப் போயிருந்தபோது, வாத்தியார் அன்பு மிகுந்து, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மென்பொருளை இறக்கி, ஒரே வட்டில் இரண்டு பாகங்களாக இருந்த சியையும் டியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். கணினி ஒருமுறை அணைந்தது. பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: இயங்குதளம் கிடைக்கவில்லை. வரைபடங்கள் முழுவதும் டியில் இருந்தன. நகல் எடுத்து வைக்கும் நல்ல பழக்கத்தை அவள் அடுத்த மாதம் தொடங்குவதாக இருந்தாள்.

அவள் கத்தவில்லை. அன்று முழுக்கப் பேசவே இல்லை. அதுதான் வாத்தியாரைக் கலக்கியது. கத்தியிருந்தால் ஒரு மன்னிப்பில் முடிந்திருக்கும். மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது? பக்கத்து வீட்டுக்காரர் டிஸ்க் சாமியைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. தன் தவறைவிடப் பேய் அவருக்கு வசதியாக இருந்தது.

வரிசையில் நின்றபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். யாருமே “நான் கெடுத்தேன்” என்று சொல்லவில்லை. “தானா நின்னுடுச்சும்மா”, “கண்ணு பட்டிருக்கும்”, “சம்பந்தி வந்து பாத்துட்டுப் போனாங்க, அதுலேருந்து இப்படி.” அத்தனை பேர் கை வைத்திருந்தார்கள், குற்றவாளி மட்டும் பேய்.

சாமி பட்டு மேலங்கியில் இருந்தார். எதிரே ஒரு திரை, அவர் பக்கம் மட்டும் தெரியும்படி. மேசையில் கைக்கு அடக்கமான ஒரு மர ஆமை. வாசலில் சீட்டு கொடுக்கும் பெண் ஒரு பழைய கணினியின் முன் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

சாமி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். “சியும் டியும் ஒரே வீட்டுல பாகம் பிரிச்சு நிம்மதியா இருந்துச்சு. நடுச் சுவர இடிச்சிட்டீங்க. சி தப்பிச்சுக்கிச்சு. டிக்குப் போக்கிடம் ஏது? செத்துடுச்சு. செத்தது சும்மா இருக்குமா? சியப் பிடிச்சுக்கிச்சு. சி பயத்துல கண்ணத் திறக்க மாட்டேங்குது.”

“அய்யோ” என்றார் வாத்தியார். ஈர்ப்பு விசையை இருபது வருடமாக நடத்துகிறவர்.

“டில என்ன இருந்துச்சும்மா?”

“நூலகத்தோட வரைபடம். மாடிப்படி, சன்னல், எல்லாம்.”

“மறந்துடுங்க. டியோட போனது டியோட போச்சு. நாளைக்குக் கொண்டாங்க. நம்ம ஆமை ஆவியக் குடிக்கும். பெட்டி புதுசா எந்திரிக்கும், பச்சப் புள்ள மாதிரி, ஒண்ணும் தெரியாம.”

“பச்சப் புள்ள எனக்கு வேண்டாம் சாமி. எனக்கு மாடிப்படி வேணும்.”

“உயிர் வேணுமா, மாடிப்படி வேணுமா?” என்றார் சாமி. வரிசை முழுக்க ‘ச்சு’ கொட்டியது. பிறகு அவர் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். “அதுவரைக்கும் திறக்கக் கூடாது. திறந்தா வீட்டுல இருக்கற மத்ததுக்கும் தொத்திக்கும். மிக்ஸிக்குக் கூட.”

அவர்கள் வெளியே வந்தபோது, அவர்களுக்கு முன்பே பெட்டியைத் திரும்ப வாங்கியிருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அதை அணைத்தபடி படிக்கட்டில் நின்றிருந்தார். திரையில் வெளிச்சம் வந்துவிட்டதாம், சந்தோஷத்தில் அழுதார். “உள்ள என்னங்க வச்சிருந்தீங்க?” என்று அவள் கேட்டாள். “என் சம்சாரம் பாடினதப் பதிஞ்சு வச்சிருந்தேன். அதத்தான் ஆவி கொண்டுபோயிடுச்சு. பரவால்ல, பெட்டி பொழச்சுதே.”

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் முதல் வேலையாக மிக்ஸியின் வயரைப் பிடுங்கினார். அவள் பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்தாள். நாடாவைக் கழற்றாமலே இணைப்பைக் கொடுத்து, அந்தக் கறுப்புத் திரையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். இயங்குதளம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றுதான் இருந்தது. செத்துவிட்டது என்று இல்லை.

ஒருமுறை அவள் இரண்டு அடுக்ககங்களை ஒன்றாக்கிக் கொடுத்திருந்தாள். நடுச் சுவரை எடுத்து, ஒரு வாசலை அடைத்தாகிவிட்டது. அடுத்த பல வாரங்களுக்குப் பழைய கதவு எண்ணுக்கு வந்த கடிதமெல்லாம் “அப்படி ஒரு வீடு இல்லை” என்று திரும்பிப் போனது. வீட்டுக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் சாகவில்லை. தபால்காரருக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

“என்னங்க, இதுவும் அதுதானோ? பழைய கதவத்தான் தேடுதோ?”

“எதுவா இருந்தாலும் நாடாவத் தொடாத.”

“நீங்க இயற்பியல் வாத்தியார்ங்க.”

“அதனாலதான் சொல்றேன். நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு.”

மறுநாள் காலை அவர் பள்ளிக்குப் போனதும் அவள் நாடாவை அவிழ்த்தாள். பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, உருவி எடுத்தாள். உள்ளங்கை அகலம். அதற்குள் ஒரு நூலகம். வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழ்வீட்டில் இருந்த நாத்தனாரிடம் போனாள்.

“அந்தப் பேய் பிடிச்சதையா? என் கம்ப்யூட்டர்லயா?” நாத்தனார் கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினாள். “உன் மேல எனக்குப் பாசம் இருக்கு. ஆனா என் மகன் கல்யாண ஆல்பம் அதுக்குள்ள இருக்கு.”

“ஒரே ஒரு நிமிஷம் அண்ணி.”

“ஒரு நிமிஷம் போதும்டி பேய்க்கு.”

பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் வழியாகவே மறுத்துவிட்டார். தெருமுனை நகலகத்தில் அவள் பையைத் திறக்கும் முன்பே கடைக்காரர் இயந்திரத்தின் மேல் துணியை இழுத்து மூடினார். செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. அந்தப் பகுதியில் பேய்க்குப் பயப்படாத கணினி ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அதை நினைத்ததும் அவளுக்கு அன்றைக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

பெட்டியை மூடி, நாடாவை முன்போலவே கட்டினாள். வட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டாள். அதில் வரைபடம் பிழைத்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அந்தத் தெரியாமையையும் பையில் போட்டுக்கொண்டுதான் மாலையில் கணவரோடு சாமியின் மாடி ஏறினாள்.

சாமி பெட்டியைப் பார்த்ததும் பின்வாங்கினார். “அப்பா! ஒரே நாள்ல எப்படிக் கொழுத்துப்போச்சு! உள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கு.”

“தெரியுதா சாமி?” என்றாள் அவள்.

“உங்க மூஞ்சி தெரியற மாதிரி தெரியுது. வாயில என்னமோ வச்சிருக்கு… ஏணிப்படி மாதிரி. மாடிப்படிதான். பாதி தின்னுடுச்சு.”

கூட்டம் நடுங்கியது. வாத்தியார் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் கண்ண மூடுங்க. பாத்தா உங்களுக்கு ஆகாது.”

அத்தனை கண்களும் மூடின. அவள் மூடவில்லை. சாமி ஆமையின் தலையைத் திருகினார். தலை கழன்று வந்தது. உள்ளே இருந்தது, எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு பென்டிரைவ். பெட்டிக்கு மின்சாரமும் தன் திரையின் வயரும் கொடுத்து, அதை முன்பக்கம் செருகினார். ஆமையின் கழுத்தில் நீல விளக்கு சிமிட்டியது. சாமி தன் திரையைப் பார்த்து எதையோ அழுத்தினார். முகம் சுருங்கியது. மறுபடி அழுத்தினார். நெற்றியில் வேர்வை.

“பிடிவாதக்கார ஆவி” என்றார் கடைசியில். “ஆனா குடிச்சாச்சு. சுத்தமாக் குடிச்சாச்சு. இப்ப உள்ள ஒண்ணுமே இல்ல. நாளைக்கு வந்து உயிர் வாங்கிக்கங்க.”

“சரியாச் சொன்னீங்க சாமி. உள்ள ஒண்ணுமே இல்ல.”

நாடாவை அவிழ்த்து, தகட்டைக் கழற்றி, பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். வட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்று ஓட்டை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள்.

“டிஸ்க் காலையிலேருந்து என் பையில இருக்கு. அப்ப சம்மணம் போட்டு உக்காந்திருந்தது யாரு?”

பல் மருத்துவரின் இயந்திரச் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்தது.

பிறகு முன்வரிசையில் ஒருவர் பரவசமாகக் கத்தினார்: “பாத்தீங்களா? சாமி டிஸ்கையே பெட்டியிலேருந்து பைக்கு மாத்திட்டாரு!”

கைதட்டல்கூட எழுந்தது. சாமிக்கு உயிர் வந்தது, அடக்கமாகத் தலையசைத்தார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. வட்டை நீட்டினாள்.

“இத உங்க சீட்டு கொடுக்கற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க சாமி.”

“எதுக்கு?”

“பேய்க்கு நாங்கதானே பயப்படணும்? உங்களுக்கு என்ன?”

“அது… சீட்டு வேலை கெட்டுடும்மா.”

“ஏன் சாமி, உங்களுக்கே பயமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேலி இல்லை, உண்மையான கவலை. அதுதான் சாமியைக் கவிழ்த்தது. பயம் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது, மாட்டவும் முடியாது. அவர் யோசிப்பதற்குள் சீட்டுப் பெண் எழுந்து வந்து, வட்டை வாங்கி, தன் கணினியில் மாட்டிவிட்டாள். கொட்டாவி விட்டு அலுத்தவளுக்கு ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சி.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவளும்தான்.

கணினி வெடிக்கவில்லை. விளக்கு அணையவில்லை. திரையில் ஒரு புதிய வட்டு தோன்றியது. அதற்குள் ‘பழைய டி’ என்று ஒரு கோப்புறை. அதற்குள் நூலகம். மாடிப்படி, சன்னல், கூரை, கடைசி ஆணிவரை. மாடிப்படியில் பல் பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. அவள் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு படியாகத் தொட்டாள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“டி சாகல. சிகூடத்தான் இருக்கு. எந்திரிக்கற வழியத்தான் கம்ப்யூட்டர் தொலைச்சுடுச்சு. அந்த ஆமைய இங்க மாட்டுங்க. என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் பாப்போம்.”

சாமி தடுக்க எழுந்தார். சீட்டுப் பெண் அதற்குள் வட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் பொருத்தி, ஆமையைச் செருகி, திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தாள். இரண்டே வரி. முதல் வரி: தொடக்கப் பழுதைச் சரிசெய். இரண்டாவது வரி: அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவு.

“சாமி எப்பவும் ரெண்டாவதத்தான் அழுத்துவாரு” என்றாள் சீட்டுப் பெண். “மொதலாவது சில நேரம் கேள்வி கேக்குமாம். ரெண்டாவது ஒண்ணும் கேக்காது.”

கட்டடக் கலைஞர் முதல் வரியை அழுத்தினாள். அது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவளுடைய கணினி, எதுவுமே நடக்காததுபோல, விழித்துக்கொண்டது.

யாரும் கைதட்டவில்லை. ஏற்கெனவே ‘குணமான’ பெட்டியை நன்றி சொல்லக் கொண்டுவந்திருந்த பேருந்து ஓட்டுநர் அந்த இரண்டு வரிகளையும் மெதுவாக, உதடு அசைய, வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு சாமியைப் பார்த்தார். “கண்ண மூடச் சொன்னியே” என்றார். “எனக்கு வாசிக்கத் தெரியுமேய்யா.”

ஊருக்கே வாசிக்கத் தெரியும். மூடச் சொன்னதும் மூடிய கண்களுக்கு எந்தப் பேய் பொறுப்பேற்கும்? இனி யாராவது கண்ணை மூடச் சொன்னால், அந்த நேரத்தில் அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

வரைபடம் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. நூலகம் எழுந்து நிற்கிறது, மாடிப்படி நன்றாக இருக்கிறது. சீட்டுப் பெண் அதே அறையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். வாத்தியார் மனைவியின் கணினியைத் தொடுவதில்லை. நடந்ததைக் கேட்டால் “நான்தான் கெடுத்தேன்” என்கிறார். நாத்தனார் ஆல்பத்துக்கு மூன்று நகல் எடுத்துவிட்டாள். டிஸ்க் சாமி வேறொரு தெருவில், தண்ணீரில் விழுந்த கைபேசிகளை ஒரு மர மீனைக் கொண்டு எழுப்புகிறார். வரிசை நீளம்தான் என்று கேள்வி. ஓட்டுநரின் மனைவி பாடிய பாட்டு திரும்பக் கிடைக்கவில்லை.