தாகமெடுத்த வேரும் மாமனாரின் முழங்காலும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மனைவியும் அவள் ஆராய்ச்சிக்கு வளர்க்கும் தக்காளிச் செடிகளும் சௌக்கியம். வெளியூர் வேலையில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய தைலம் கைமேல் பலன். காலையும் மாலையும் தேய்க்கிறேன், முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

மாப்பிள்ளை, விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது! வேர் தண்ணீரைக் குடிக்கும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? அது சும்மா குடிப்பதில்லை, மண்ணுக்குள் என்னென்னவோ ரசாயனத்தைக் கசியவும் விடுகிறதாம். செடியை மண்ணோடு எடுத்து, வேர் அறாமல் கழுவி, சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டி மிஷினுக்குக் கொடுத்தால், வேர் எதை விட்டது என்று அது சொல்லிவிடும். நன்றாகத் தண்ணீர் ஊற்றிய செடிகளை உங்கள் மனைவியே கழுவிவிட்டாள். வாடவிட்ட செடிகளின் வேர்தான் தொட்டால் ஒடிகிறது. "அப்பா, காலமெல்லாம் கைக்கடிகாரம் ரிப்பேர் பண்ணின கை உங்களுது, நீங்க வந்து கழுவுங்களேன்" என்றாள். பிறகு கேட்க வேண்டுமா? ஓடினேன். ரப்பர் உறை கொடுத்தார்கள். அதைப் போட்டால் வேர் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒரு வேர் ஒடியவில்லை!

நேற்று மிஷின் திரையில் என் செடிகளுக்கு மட்டும் கோடு விர்ரென்று மேலே போனது. அவள் கழுவிய செடிகளில் அதன் சுவடே இல்லை. "அப்பா! தாகம் எடுத்தா வேர் இதைக் கசியவிட்டு உதவிக்குக் கூப்பிடுதுப்பா! இவ்ளோ அதிகமா யாருமே பார்த்ததில்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கவே சிரிக்காத அவளுடைய மேலதிகாரி அம்மாள்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார்; பிறகு தன் கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார், ஏனென்று தெரியவில்லை. அந்தப் பொருளின் பெயர் மெத்தில் சாலிசிலேட். உங்களுக்கு எழுதவென்றே மனப்பாடம் செய்தேன். அடுத்த வாரம், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் முன்னால் இதைத்தான் பேசப்போகிறாள். ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்களோ என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தவள், இப்போது சமையலறையில் பாட்டுப் பாடுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மாப்பிள்ளை.

நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: இன்னொரு புட்டி தைலம் கேட்கலாமே, பெயரைத் தப்பில்லாமல் எழுதலாமே என்று கடிகார லென்ஸைக் கண்ணில் வைத்து லேபிளைப் படித்தேன். பொடி எழுத்தில் முதலில் இருப்பதே மெத்தில் சாலிசிலேட். மாப்பிள்ளை, கூப்பிட்டது வேர் இல்லை, என் முழங்கால். அவள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். வலி போனது நிஜம்தான், ஆனால் சமையலறைவரை நடக்கக் கால் வரமாட்டேன் என்கிறது. குழுவின் முன்னால் என் பிள்ளை தலைகுனியக் கூடாது, அதனால் எழுந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். செடிகள் மிச்சம் இருக்கின்றன, உறை போட்டே கழுவித் தருகிறேன். தைலம் வாங்கி அனுப்பியது யார் என்பதையும் மறைக்கப்போவதில்லை. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அவளிடமிருந்து போன் வந்திருந்தால், காரணம் இதுதான்.