முப்பத்திரண்டு வெற்றிகளும் ஒரு பஸ்ஸும்

கிட்ட வாங்க கண்ணுகளா, தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதைதான் காதில் விழும். இருப்புக்கொள்ளாத ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நர்சாகச் சேர்ந்து எட்டு மாதம்தான். ஷிஃப்ட் மாறும் அவசரத்தில், டீ அறையில் நின்றபடியே அடுத்த ஷிஃப்ட் நர்சிடம் வார்டை ஒப்படைத்தாள். கொடுத்த மாத்திரையைச் சொல்ல விட்டுப்போய், ஒரு பெரியவருக்கு அதே மாத்திரை இரண்டு தடவை போய்விட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். இவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நோயாளியின் கட்டிலருகே நின்று, அவர் காது கேட்க ஒப்படைப்பது என்று ஒரு முறை உண்டு. "மத்த இடத்துல அது நிஜமாவே நடக்குதான்னு, வெளிவந்த கட்டுரையெல்லாம் படிச்சு இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க சிஸ்டர்," என்றார் போன மாதம் பொறுப்பேற்ற பெரிய டாக்டர். "இல்லேன்னா வார்டு வேண்டாம், ஸ்டோருக்குப் போயிடுங்க."

பம்பரம் நடந்துகொண்டே படித்தாள். முப்பத்திரண்டு கட்டுரை. முப்பத்திரண்டும் வெற்றி.

"எல்லாப் பிள்ளையும் முதல் மார்க்கா? பரீட்சை வெச்சவனைப் பிடிங்க," என்றார் டாக்டர்.

ஒரே மாதம் பார்த்துவிட்டு எழுதியவற்றைத் தள்ளினாள். ஐந்து மிஞ்சின. நர்சுகள் தங்களுக்குத் தாங்களே டிக் போட்டுக்கொண்டவற்றையும் தள்ளினாள். மிஞ்சியது ஒன்றே ஒன்று, பத்து வருடத்துக்கு முந்தையது. வெளியாள் வந்து மூன்று வருடம் உட்கார்ந்து எண்ணியிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை கட்டிலருகேதான் ஒப்படைப்பு.

"ஒத்தைச் சாட்சியை நம்பி எப்படி? நேர்ல பாருங்க. பத்து நர்சைக் கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டர்.

பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது. கட்டுரையிலோ 'ஒரு பெரிய மருத்துவமனை' என்று மட்டும்தான் இருந்தது. எழுதியவருக்கு மெயில் அனுப்பிவிட்டு, பஸ் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

"எங்கக்கா போறோம்?" என்றாள் பின்சீட்டில் இருந்த சின்ன நர்ஸ்.

"சொல்றேன்டி, உக்காரு."

"போற இடம் தெரியாம உக்காந்தா அது பஸ் இல்லக்கா, ஊஞ்சல்."

பதில் வந்தது. மூச்சுவிடாமல் தெருவையும் கதவு எண்ணையும் உரக்கப் படித்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அண்ணே, போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?"

டிரைவர் ஆஸ்பத்திரி கேட்டில் இருந்த முகவரிப் பலகையை எட்டிப் பார்த்தார். சாவியைக் கழற்றினார்.

"வந்தாச்சும்மா. இந்தக் கேட்டுதான், எல்லாரும் இறங்குங்க."

உங்கள் வீட்டை நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும் கண்ணுகளா. ஆஸ்பத்திரி வாசலை நீங்கள் கதையில் மட்டுமே மிதிக்க வேண்டும்.